ஆளை மாற்றினால் அணி மாறுமா?

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி சொந்த மண்ணில் தோற்கும் இரவுகளில், பார்க் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் நீலச் சட்டைகளுக்கு நடுவே ஒரே பேச்சுதான் ஓடும்: “முதல்ல கோச்சை மாத்தணும்.” பல்லாவரத்தில் இறங்குபவரும் அதைத்தான் சொல்வார், குரோம்பேட்டையில் இறங்குபவரும் அதைத்தான் சொல்வார். அந்தக் கோபம் நியாயமானது. சேலையூரிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் வேலை முடித்துக் கிளம்பி, ஏழரை மணி ஆட்டத்துக்கு நேரு ஸ்டேடியம் வரை வந்து, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் வீடு திரும்பும் ரசிகருக்குக் கேள்வி கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகளாகத் தவறான ஆளிடம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் வாதம்.

2014இல் கிளப் பிறந்ததிலிருந்து மார்கோ மாத்தராஸி, ஜான் கிரிகரி, ஓவன் கோய்ல், சாபா லாஸ்லோ, போஸிதார் பாந்தோவிச், தாமஸ் பிர்தாரிச், கிளிஃபோர்ட் மிராண்டா என்று ஏழு பேர் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். கோய்ல் இரண்டு முறை வந்தார். இடையில் சையத் சாபிர் பாஷா தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். இந்த வரலாற்றில் நான்கு தருணங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 2015. அந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசனின் நடுவில் சென்னையின் பட்டியலின் அடியில் கிடந்தது. மாத்தராஸியை அனுப்பிவிடலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். அனுப்பவில்லை. அணி தொடர் வெற்றிகள் பெற்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அதற்குள் டிசம்பர் முதல் வாரம் வந்துவிட்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன, தாம்பரத்துக்கு மேற்கே படகில்தான் மக்களை மீட்டார்கள். சென்னையில் ஆட முடியாமல் அரையிறுதியின் ‘உள்ளூர்’ ஆட்டத்தைப் புனேயில் ஆடி, கொல்கத்தா அணியை 3-0 என்று வீழ்த்தினார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் பின்தங்கியும், ஸ்டீவன் மெண்டோசாவின் இஞ்சுரி டைம் கோலால் 3-2 என்று கோப்பையை எடுத்தார்கள். வீட்டுக்குள் புகுந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அன்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, 2018-19. முந்தைய சீசனில் பெங்களூருவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என வென்று இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்தவர் ஜான் கிரிகரி. அடுத்த சீசனில் அணி தோற்றது, தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளிகள், கடைசி இடம். அப்போதும் நிர்வாகம் பொறுமை காட்டியது. கிரிகரி நீடித்தார். பலன் எதுவும் இல்லை.

மூன்றாவது, அதற்கடுத்த 2019-20. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியோடு கிரிகரி விலக, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதே வீரர்களை வைத்துக்கொண்டு நான்காம் இடம், பிறகு இறுதி ஆட்டம். கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்த அந்த இறுதியில் ஏடிகே அணியிடம் 3-1 எனத் தோற்றாலும், இந்தியக் கால்பந்து கண்ட அபாரமான மீட்சிகளில் அது ஒன்று.

நான்காவது, 2022 பிப்ரவரி. கோவாவிடம் 5-0 என அடி வாங்கியதும் பாந்தோவிச் நீக்கப்பட்டார். எதுவும் மாறவில்லை. எட்டாம் இடத்தில் சீசன் முடிந்தது.

பொறுமை காட்டி ஒருமுறை கோப்பை, ஒருமுறை கடைசி இடம். ஆளை மாற்றி ஒருமுறை இறுதி ஆட்டம், ஒருமுறை எட்டாம் இடம். பயிற்சியாளரை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது மட்டுமே விடை என்றால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது. 2015இல் மெண்டோசா, எலானோ, ஜெஜெ, ரஃபேல் அகஸ்டோ, மெயில்சன் ஆல்வஸ் என்று ஒரு படையே இருந்தது. மெண்டோசா 13 கோல் அடித்து அந்த சீசனின் தங்கக் காலணியை வென்றார். 2019-20இல் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல், அவருக்குப் பந்தை எடுத்துக்கொடுக்க ரஃபேல் கிரிவெல்லாரோ. அந்த இரண்டு சீசன்களிலும் அணி நல்ல அணி. ஒன்றில் பயிற்சியாளருக்கு அவகாசம் தேவைப்பட்டது, இன்னொன்றில் புதிய யோசனை தேவைப்பட்டது.

2018-19 நிலைமை வேறு. கோப்பை வென்ற தடுப்பு வரிசையின் தலைவர் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். வியாசர்பாடி தந்த நடுகள வீரர் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் களமிறங்கவே முடியவில்லை. முந்தைய சீசனில் ஒன்பது கோல் அடித்த ஜெஜெவின் கணக்கில் ஒரே ஒரு கோல். போனவர்களின் இடத்தைச் சரியாக நிரப்ப முடியாத அணியை எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் நிமிர்த்தியிருக்க முடியாது. 2016லும் இதே கதைதான். மெண்டோசாவும் எலானோவும் போனார்கள், சாம்பியன் அணி எட்டில் ஏழாவதாக முடிந்தது. பயிற்சியாளர் அதே மாத்தராஸிதான்.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது இன்னொன்று. 2020-21இல் லாஸ்லோ, எட்டாம் இடம். 2021-22இல் பாந்தோவிச்சும் பாஷாவும், எட்டாம் இடம். 2022-23இல் பிர்தாரிச், எட்டாம் இடம். மூன்று ஆண்டுகள், நான்கு பயிற்சியாளர்கள், ஒரே எண். எல்லைக்கோட்டருகே நிற்பவர் மாறிக்கொண்டே இருந்தார். வீரர்களைத் தேடிப் பிடிக்கும் முறையும், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று முடிவெடுக்கும் முறையும், நல்ல வீரர் கைநழுவிப் போவதைத் தடுக்கும் முறையும் மாறியதாகத் தெரியவில்லை. வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்த கையோடு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். கோய்லும் அங்கேதான் போனார். ஜாம்ஷெட்பூர் அவரது முதல் சீசனில் ஆறாவதாகத்தான் வந்தது. கோய்லை மாற்றாமல் அணியைப் பலப்படுத்தினார்கள், அடுத்த சீசனில் லீக் ஷீல்டை வென்றார்கள். நாம் விட்டதை அவர்கள் வைத்து வளர்த்தார்கள்.

அதே கோய்ல் 2023இல் திரும்பி வந்தபோது கிளப் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தது. ஸ்காட்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த ரயன் எட்வர்ட்ஸும் கானர் ஷீல்ட்ஸும் வந்தார்கள். 2023-24இல் ஆறாம் இடம், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃப். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஒடிசாவை அவர்கள் ஊரில் 3-2 என்று வென்றபோது நம்பிக்கை பொங்கியது. முடிவு? 24 ஆட்டங்களில் 27 புள்ளிகள், 13 அணிகளில் 11ஆம் இடம். 2025இல் கோய்ல் விடைபெற்றார். அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். அது பெருமளவு அவர் தேர்ந்தெடுத்த அணி, அவர் வகுத்த ஆட்டம். இரண்டுக்கும் அவரே பொறுப்பு. ஆனால் அவ்வளவு பொறுப்பை ஒரு பயிற்சியாளர் தலையில் ஏற்றிவைத்த அமைப்புக்கும் கணக்குக் கேட்க வேண்டாமா?

வெளிநாடுகளில் அணியைக் கட்டும் வேலைக்கென்று தனிப் பதவியே உண்டு. ஜெனரல் மேனேஜர் என்றோ விளையாட்டு இயக்குநர் என்றோ அழைப்பார்கள். பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்தைப் பற்றி யோசிப்பார், இவர் மூன்று ஆண்டுகள் தள்ளி யோசிப்பார். அணி சரிந்தால் ரசிகர்கள் முதலில் இவர் பெயரைத்தான் கேட்பார்கள். நம் கிளப்பில் அந்த வேலையைச் செய்பவர் யார் என்று தாம்பரம் ரயிலில் பத்துப் பேரிடம் கேளுங்கள். ஒரு பெயர்கூட வராது.

நம் நாட்டிலேயே இதைச் சரிசெய்து காட்டிய கிளப் வடகிழக்கு யுனைடெட். 2022-23இல் அவர்களுக்கு ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். அதன் பிறகு பயிற்சியாளர் யுவான் பெட்ரோ பெனாலியை மட்டும் கொண்டுவரவில்லை. பெங்களூரு கிளப்பில் அனுபவம் பெற்ற மந்தார் தாம்ஹனேயின் கையில் நிர்வாகம் இருந்தது, ஆள் எடுக்கும் முறையே மாறியது. முதல் சீசனில் ஏழாம் இடம்தான். பெனாலியை மாற்றவில்லை. 2024இல் டூரண்ட் கோப்பை. அந்த சீசனில் அவர்கள் கண்டெடுத்த மொராக்கோ வீரர் அலாவுதீன் அஜாரி 23 கோல் அடித்தார். 2025இல் மறுபடியும் டூரண்ட் கோப்பை. மொராக்கோ வரை போய் அந்த வீரரைக் கண்டுபிடித்தவர்களின் வேலைதான் நமக்குப் பாடம்.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. சென்னையின் ஒன்பது புள்ளியோடு அடியில் கிடந்த அதே 2018-19இல், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. முந்தைய சீசனில் பட்டியலின் கீழ்ப்பாதியில் தத்தளித்த அணி அது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, பெரிய விளம்பரமில்லாத ஸ்பெயின் வீரர்களைக் கொண்டுவந்தார்கள். பெத்ரோ மன்சி 21 கோல் அடித்தார். பெரிய கிளப்புகளின் பணம் அவர்களிடம் இல்லை. பார்வை இருந்தது. சில ஆண்டுகளில் அந்த வீரர்கள் ஒவ்வொருவராகப் போக, கிளப்பே தேசிய லீக்கிலிருந்து மறைந்தது என்பது வேறு வருத்தம். ஆனால் அதுவும் நான் சொல்வதைத்தான் உறுதிப்படுத்துகிறது.

கோய்லுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் கிளிஃபோர்ட் மிராண்டா. 2023இல் ஒடிசாவுக்குத் தற்காலிகப் பயிற்சியாளராக இருந்து சூப்பர் கோப்பையை வென்றவர். நம் கிளப்பின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர். அவருக்குக் கிடைத்த சூழலைப் பாருங்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலால் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஐஎஸ்எல் 2025இல் தொடங்கவில்லை. ஆகஸ்டில் கிளப் தன் கால்பந்துப் பணிகளையே நிறுத்திவைத்தது. அந்த நிலையில் சூப்பர் கோப்பைக்குப் போய் மோகன் பகானிடம் 2-0, ஈஸ்ட் பெங்காலிடம் 4-0 எனத் தோற்றதற்கு அவரைக் குறைசொல்வது அநியாயம். ஒழுங்கான தயாரிப்பும் தகுதியான வீரர்களும் கிடைக்காத பயிற்சியாளரை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை.

என் தீர்ப்பு இது. மிராண்டாவுக்கு முழுமையான இரண்டு சீசன் கொடுக்க வேண்டும், நடுவில் ஐந்து ஆட்டம் தோற்றாலும் சரி. அதற்கு முன்னால், அணியைக் கட்டும் வேலைக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவருக்கு மூன்று ஆண்டு அவகாசமும், வீரர் தேர்வில் இறுதிச் சொல்லும் தர வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் பிளே-ஆஃப் வாசலைத் தொடவில்லை என்றால் முதலில் போக வேண்டியவர் அவர்தான்.

அப்படி வருபவர் விமான நிலையத்துக்குத் தெற்கேயும் பார்க்க வேண்டும். மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்களில் இரவு பதினொரு மணிக்கும் பையன்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி மைதானம் இருக்கிறது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த வெற்றி கோலைக் கொல்கத்தாவே கொண்டாடியது, ஆனால் அவர் அணிந்திருந்தது ஈஸ்ட் பெங்கால் சட்டை. அடுத்த நந்தகுமார் சென்னையின் சட்டையில் ஆட வேண்டும்.

சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் ரசிகர் குழுத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தோல்விக்குப் பிறகு பதாகை எழுதும்போது பயிற்சியாளர் பெயரை எழுதாதீர்கள். ‘இந்த அணியைத் தேர்ந்தெடுத்தது யார்?’ என்று எழுதுங்கள். நிர்வாகம் பதில் சொல்லும்வரை அதை இறக்காதீர்கள்.