பித்தளைப் பிடிப் பாக்குவெட்டி: வாங்கும் முன் வெட்டிப் பார்த்தல்

பாக்குவெட்டி என்பது ஒரே கீலில் பூட்டிய இரண்டு கைகள். மேல் கையில் மட்டும் எஃகு அலகு உண்டு. கீழ்க் கை கூரில்லாத மேடை. கீல் ஒரு கோடியில், பிடி மறு கோடியில், பாக்கு நடுவில். கீலிலிருந்து பாக்கு 3 செ.மீ. தள்ளியும் உள்ளங்கை 15 செ.மீ. தள்ளியும் இருந்தால், கை கொடுக்கும் விசை பாக்கின்மேல் ஐந்து மடங்காக இறங்கும். காய்ந்த கொட்டைப்பாக்கைக் கத்தியால் அறுக்கப் போனால் உருண்டு ஓடும். இதில் அது அசையாமல் நின்று, நரம்போடிய பழுப்பும் வெள்ளையும் தெரியப் பிளக்கும்.

நெம்புகோலுக்காக நீண்ட பிடியே கைவினைஞருக்குச் சித்திரம் செய்ய இடமாயிற்று. கிளி, மயில், குதிரை, கைகோத்த இணை என்று பித்தளையில் வார்த்தார்கள். இரும்பில் பித்தளைக் கம்பி பதித்தும் செய்தார்கள். கிளி வடிவில் ஒரு சொற்பொருத்தமும் உண்டு: பறவையின் மூக்குக்கும் வெட்டும் தகட்டுக்கும் தமிழில் அலகு என்றே பெயர்.

இவற்றைச் சேகரித்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் கணிதவியலாளர் சாமுவேல் ஐலென்பர்க் (1913–1998). வார்சாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த அவருடைய பாக்குவெட்டிகளுக்கென்றே ஹென்றி பிரவுன்ரிக் ஒரு தனி நூல் எழுதினார். புனேயின் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்திலும் இவை உண்டு. சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய வீடுகளில், வெற்றிலைப் பெட்டியோடு ஒன்று கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. பழைய பித்தளையாகப் போனது உலைக்குத்தான் போகும்.

புதிதாக வாங்குபவர் கையில் ஒரு கொட்டைப்பாக்கு இருக்க வேண்டும். முதலில் வெறுமனே மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கலாம். அலகும் மேடையும் நீளம் முழுக்கப் படிய வேண்டும். நடுவில் கீற்று தெரிந்தால் கை வளைந்திருக்கிறது. அடுத்து, கைகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. கீல் தளர்ந்திருந்தால் பாக்கு நசுங்கித் தூளாகும். பிறகு பாக்கை இரண்டாக்கி, பாதியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். நினைவுப் பொருளாக விற்கும் புதுப் பாக்குவெட்டிகளில் பல இங்கேதான் தோற்கின்றன: அலகு முழுதும் இறங்குமுன் பிடிகள் ஒன்றோடொன்று முட்டும், அல்லது உள்ளங்கைச் சதையைக் கவ்வும். சிற்பம் எவ்வளவு நேர்த்தியானாலும், சீவாத பாக்குவெட்டிக்குச் சேகரிப்பில் இடம் தரத் தேவையில்லை.

காந்தம் ஒன்றும் உதவும். அது அலகில் ஒட்டும், பித்தளையில் ஒட்டாது. முழுப் பித்தளையாகத் தெரியும் பிடியிலும் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. பழையதா என்பதைத் தேய்மானம் காட்டும். கட்டைவிரல் படும் இடமும் கீலாணியும் மட்டும் வழுவழுத்து, செதுக்கின் பள்ளங்கள் கூர்மையாகவே இருப்பது நல்ல அடையாளம். எல்லா இடமும் ஒரே அளவில் கறுத்திருந்தால் சந்தேகப்படலாம்.

பராமரிப்பில் பெரும்பிழை புளி. குத்துவிளக்குபோல் புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளக்கும். ஆனால் புளியின் அமிலம் கீலுக்குள் இறங்கி இரும்பைத் துருவேற்றும். உலர்ந்த துணியால் துடைத்து, கீலில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டாலே போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். மழுங்கிய அலகை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பட்டறையின் வேகச் சாணையில் கொடுத்தால் எஃகு சூடேறிப் பதம் இழக்கும்; தண்ணீர் தொட்டுக் கல்லில் கையால் தீட்டுவதே சரி. விமானத்தில் பாக்குவெட்டியைக் கைப்பையில் கொண்டுபோக விட மாட்டார்கள். பெட்டியில் வைத்து ஒப்படைக்க வேண்டும்.

சீவிய பாக்கை வாயில் போட வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது.