வாரைத் தாண்டும் நூல்

தோல் வாரில் மணி கோத்த சுற்று பிரேஸ்லெட்டைக் கையில் எடுத்தால் எல்லார் கண்ணும் மணியில்தான் விழும். நான் ஓரத்தைப் பார்ப்பேன். இரண்டு தோல் வார்களுக்கு நடுவே மணி உட்கார்ந்திருக்கிறது. துளையிலிருந்து வெளியே வரும் நூல் வாரைச் சுற்றி வந்து அதே துளைக்குள் திரும்பிப் போகிறது. வாரின் மேல் ஏறி இறங்கும் அந்தச் சில மில்லிமீட்டர் மட்டும்தான் நூல் உலகத்துக்குக் காட்டும் முகம். மணிக்கட்டை மூன்று முறை சுற்றும் அளவில், 3 மில்லிமீட்டர் மணி என்றால், ஏறக்குறைய 150 மணி பிடிக்கும். ஓரத்துக்கு ஓரம் அத்தனை தையல். அவை ஒரே சாய்வில், ஒரே இறுக்கத்தில் போகின்றனவா என்று பார்த்தாலே செய்தவரின் கை தெரிந்துவிடும்.

இந்த வடிவம் உலகெங்கும் பரவியதில் லாஸ் ஏஞ்சலஸ் வடிவமைப்பாளர் சான் லூவுக்குப் பெரிய பங்கு உண்டு. சரக்கைப் பொறுத்தவரை நம் கடற்கரையும் உரிமை கொண்டாடலாம். மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த மேட்டில் கிடைத்த பொடிக் கண்ணாடி மணிகளைத்தான் இன்று இந்தோ-பசிபிக் மணி என்கிறார்கள். தோலுக்கு மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் மதராஸிலிருந்து கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. உரித்த தோல் அழுகாமல் தொழிற்சாலை போய்ச் சேர வேண்டுமானால் உப்பு தடவியாக வேண்டும். அந்த உப்பு விளையும் மண் மரக்காணம். மணியும் தோலும் உப்பும் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நூலை மட்டும் யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணமும் அந்த உப்புதான்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். குறைந்தால் மறுபடி படிகமாகும். வியர்வையும் கடற்காற்றும் கொண்டுவரும் உப்பு நூலின் புரிகளுக்குள் இறங்குகிறது. இரவில் கரைந்து பகலில் உறைகிறது. உறையும்போதெல்லாம் பொடிக் கூர்களாக இழைகளை உள்ளேயிருந்து உரசுகிறது. உப்புப் பாத்தியில் நடப்பதுதான் நூலுக்குள்ளும். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்திருக்கும். நைலான் 4 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. பருத்தி நூலை இங்கே பேச்சுக்கே எடுக்க வேண்டாம். பட்டு கையில் குழையும் அழகே அழகு, ஆனால் நனைந்தால் வலு குறையும். குப்பங்களில் எளிதாகக் கிடைக்கிற தூண்டில் நரம்போ உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனாலும் அதற்கு என் வீட்டில் இடமில்லை. சுருண்டிருந்த நினைப்பை விடாது, முடிச்சில் நிற்காது, வாரின் மேல் கண்ணாடிக் கீறல் மாதிரி பளபளக்கும்.

மனசுக்குப் பிடித்தது எது என்றால் மெழுகிட்ட லினன் நூல்தான். ஒரு முழம் நூலிலேயே தடித்தும் மெலிந்தும் வரும். அதனால் தோலின் மேல் படியும்போது ஒவ்வொரு தையலும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். பளபளப்பு கிடையாது, ஆவாரம்பட்டைத் தோலின் மங்கலான பழுப்போடு அது சேரும் சேர்த்தி வேறெந்த நூலுக்கும் வாய்க்காது. தேன்மெழுகு இருப்பதால் இழுத்த இடத்தில் நிற்கும், அடுத்த மணியை எடுக்கும்வரை நழுவாது. மெழுகு தேயும் வரைதான் இந்தச் சுகம். பிறகு உப்பு உள்ளே புகுந்து, பிசிர் கிளம்பும். ஆகவே என் தீர்ப்பு: சென்னையில் ஏசி அறைக்குள் இருப்பவர் கைக்கு லினன். மரக்காணத்தில் இருப்பவருக்கு மெல்லிய பாலியஸ்டர், மேலே ஒரு கை தேன்மெழுகு தேய்த்து. மெழுகேறிய பாலியஸ்டர் லினனைப் போல மங்கலாக நடிக்கவும் செய்யும். முக்கால்வாசிப் பேர் ஏமாந்துபோவார்கள்.

கோக்கிறவர் கவலை வேறு. தையல் தொடங்கும் இடத்தில் இருக்கும் நூல் ஒரே மணியோடு நின்றுவிடுகிறது. கடைசி மணிக்கு வந்து சேரும் நுனியோ அதற்கு முன்னால் இருக்கும் அத்தனை மணிக்குள்ளும் இரண்டு இரண்டு தடவை நுழைந்து வந்தது. 150 மணிக்கு 300 உரசல். துளை விளிம்பு கூராக இருந்தால் நுனி பாதி வழியிலேயே பஞ்சாகிவிடும். திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இன்றும் அரிக்கமேட்டு முறையை ஒட்டி மணி செய்கிறார்கள். உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற குழலாக இழுத்து, பொடியாக நறுக்கி, சாம்பலோடு மறுபடி சூடேற்றிக் கூர்மையை மழுக்குகிறார்கள். அந்த மழுங்கல்தான் நூலுக்குக் கிடைத்த வரம். (கண்ணாடி நூலை அறுக்கும் என்பதை மாஞ்சா போட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.) இரண்டாம் முறை ஊசி நுழையும்போது ஏற்கெனவே உள்ளே கிடக்கும் நூலைக் குத்திப் பிளந்துவிடவும் கூடாது, பிளந்தால் அந்தத் தையல் இறுகாது, பிரிக்கவும் வராது. முனை மழுங்கிய ஊசியும், முறுக்கு இறுகலான நூலும் இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்க்கும்.

நிறம் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி ரசனை போய்விடும். தோலின் நிறத்திலேயே நூல் எடுத்தால் தையல் மறைந்து மணி மட்டும் மிதக்கும். ஒரு மாற்று வெளிறலாக எடுத்தால் ஓரத்தில் ஏணிப்படி தெரியும். எனக்கு இதுதான் பிடிக்கும். கண்ணாடி மணி என்றால் நூல் துளைக்குள்ளிருந்தும் வேலை செய்யும். கடல்நீல மணிக்குள் வெள்ளை நூல் போனால் நீலம் பாலாகும். கறுப்பு போனால் அதே மணி ஆழமாகி ஊதாவை நோக்கி நகரும். ஒரே சரத்து மணியை இரண்டு நூலில் கோத்துப் பக்கத்தில் வைத்தால், இரண்டு ஊர் சரக்கு என்றுதான் சொல்வார்கள்.

கடைசியில் நூல் முடியும் இடம். பாலியஸ்டர் நுனியை ஊதுவத்தி நெருப்பில் லேசாகக் காட்டினால் உருகிக் குமிழாகி முடிச்சின் கீழே பதுங்கும். லினனுக்கு அந்த வசதி இல்லை, உருகாது, கருகும். அதை வந்த வழியே நாலைந்து மணிக்குள் திருப்பி ஓட்டித்தான் வெட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு நூல் கிடக்கும் துளையில் மூன்றாவதுக்கும் ஊசிக்கும் இடம் வேண்டும். 2 மில்லிமீட்டர் மணியின் துளை ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஆகவே கடையில் நூல் பார்க்கும்போதே மூன்று இழை சேர்த்துப் பிடித்து அந்த மணிக்குள் நுழைத்துப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.