இறங்காத கல்யாணி

'சிந்து பைரவி' வந்தது 1985இல். அதில் யேசுதாஸ் பாடிய 'கலைவாணியே' பாட்டை வெகுகாலம் நல்ல கல்யாணி என்று மட்டுமே கேட்டுவந்தேன். முழுக்க ஆரோகணத்திலேயே, அதாவது ஸ்வரங்கள் ஏறும் வரிசையில் மட்டுமே, கட்டிய பாட்டு அது என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றிரவே ஹார்மோனியத்தைத் திறந்து வரிவரியாக வாசித்துப் பார்த்தேன்.

கல்யாணி 65ஆவது மேளகர்த்தா. ஏழு ஸ்வரமும் கொண்ட பெரிய ராகம். மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு நிஷாதம், தைவதம் என்று குழைந்து இறங்கும்போதுதான் நம்மில் பலர் அதை அடையாளம் கண்டு தலையாட்டுவோம். அந்தப் பாதியைத் தொடாமல் ராகத்தைக் காட்ட வேண்டும்! பாட்டுக்கு இசையமைத்த இளையராஜா அதை எப்படிச் செய்கிறார்? ஒரு வரி படிப்படியாக ஏறி மேலே நிற்கிறது. கண நேர மௌனம். அடுத்த வரி கீழே எங்கிருந்தோ புதிதாகப் புறப்படுகிறது. ஏறிய குரல் எப்போது கீழே வந்தது என்று காது கேட்பதில்லை. வரிகளுக்கு நடுவே இருக்கும் அந்த மௌனத்தில்தான் அவரோகணம் ஒளிந்திருக்கிறது என்பேன்.

யேசுதாஸின் கமகம், ஸ்வரங்களை அவர் அசைத்து இழைக்கும் விதம், அந்த ஏற்றத்துக்கு மெருகேற்றுகிறது. ஹார்மோனியத்தில் கமகம் கிடையாது, எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். அப்போதும் கல்யாணி கல்யாணியாகவே இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது அங்கேதான்.

பண்ணைப்புரத்துப் பிள்ளையான இளையராஜாவுக்கு ஹார்மோனியம் மேடையில் வந்த வித்தை. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்த கை அது. பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். இன்று வாத்தியத்தைத் தொடாமலே காகிதத்தில் நேராக ஸ்வரக்குறிப்பு எழுதுகிறார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இவ்வளவு தூரமா என்று நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் அவருடைய வித்தைக்கு ஒரே ஒரு சாட்சி கேட்டால் நான் இந்தச் சின்னப் பாட்டைத்தான் நீட்டுவேன். தனக்குத் தானே இவ்வளவு கடுமையாகப் போட்டுக்கொண்ட விதியைக் கேட்பவனுக்குத் தெரியாமல் காப்பாற்றியிருக்கிறார்.

அன்றிரவு அதே விதியில் நாலு வரி நானும் கட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே விரல், பழக்கத்தில், இடப்பக்கம் நழுவிவிட்டது.