புரூக்ளினிலிருந்து ஓக்லாண்ட் வரை: ஊர் மாறும் பேஸ்பால் அணிகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. எவ்வளவு மோசமாக ஆடினாலும் எந்த அணியும் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதில்லை. கீழே நன்றாக ஆடும் அணி மேலே ஏறுவதும் இல்லை. புதிய அணிக்கு இடம் உண்டா, இருக்கும் அணி ஊர் மாறலாமா என்பதை உரிமையாளர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று 1922இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், ஏகபோகத் தடைச் சட்டம் இந்த ஆட்டத்தை அண்டவில்லை. அணிகள் குறைவாக இருக்கும்வரை, அணி இல்லாமல் ஏங்கும் நகரம் எங்காவது காத்திருக்கும். உரிமையாளரின் பேர பலம் அதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பேரத்தில் ரசிகருக்கு இருக்கை கிடையாது.

இதன் விலையை முதலில் முழுமையாகக் கொடுத்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி. அங்கே டாட்ஜர்ஸ் அணி 1913 முதல் எபெட்ஸ் ஃபீல்டில் ஆடியது. குடியிருப்புகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்ற சிறிய மைதானம் அது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கி, கறுப்பின வீரர்களை மேஜர் லீக்கிலிருந்து பல பத்தாண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்த தடையை உடைத்தது அங்கேதான். 1941 முதல் 1953 வரை ஐந்து முறை டாட்ஜர்ஸ், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸிடம் தோற்றது. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அந்த ரசிகர்களின் வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. 1955இல் அந்த அடுத்த வருஷம் வந்தது. பந்து வீசும் 23 வயது பிட்சர் ஜானி பாட்ரெஸ், தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் யாங்கீஸை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. டாட்ஜர்ஸ் 2-0 என வென்றது. புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே உலகத் தொடர் அதுதான்.

இரண்டே ஆண்டுகளில் அணி கிளம்பிவிட்டது. கூட்டம் வரவில்லை என்பது காரணமல்ல. கடைசி ஆண்டிலும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். ஆனால் 1953இல் பாஸ்டனை விட்டு மில்வாக்கி போன பிரேவ்ஸ் அணி, அடுத்த ஆண்டே இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓ’மாலியின் கண் அந்தக் கணக்கின்மேல் இருந்தது. பழைய மைதானத்தில் கார் நிறுத்த இடமில்லை. ரசிகர்கள் பலர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். புரூக்ளினிலேயே சொந்தச் செலவில் புது மைதானம் கட்டுகிறேன், நிலத்தை மட்டும் நகரம் கையகப்படுத்தித் தரட்டும் என்றார். தனியார் தொழிலுக்கு அப்படி நிலம் எடுக்க முடியாது என்று நகர நிர்மாணத்தைத் தன் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்து, குவீன்ஸ் பகுதியின் ஃப்ளஷிங்கைக் காட்டினார். பழி யாருடையது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மோசஸின் பிடிவாதம் உண்மைதான். ஆனாலும் லாபத்தில் ஓடிய அணியைப் பெயர்த்துக்கொண்டு போன முடிவு ஓ’மாலியுடையது. அந்தப் பொறுப்பை வேறெவர் தலையிலும் கட்ட முடியாது.

1957 செப்டம்பர் 24 அன்று எபெட்ஸ் ஃபீல்டின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க 6,702 பேரே வந்தார்கள். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸ் அறிவிப்பு வந்தது. நியூயார்க்கின் ஜயண்ட்ஸ் அணியும் அதே சமயத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. 1960இல் எபெட்ஸ் ஃபீல்டை இடித்து, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள்.

போய்ச் சேர்ந்த ஊரிலும் சிலர் இழந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ரவீன் பகுதியில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. பொது வீட்டுவசதித் திட்டத்துக்கென்று அவர்களை நகரம் வெளியேற்றத் தொடங்கியது. பின்னர் திட்டமே கைவிடப்பட்டு, நிலம் டாட்ஜர்ஸுக்குப் போனது. எஞ்சியிருந்தவர்களை 1959இல் காவலர்கள் வீட்டிலிருந்து தூக்கி வெளியேற்றினார்கள். 1962இல் அங்கே டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது.

நியூயார்க்குக்கு மாற்று அணி கிடைத்ததும் தானாக நடக்கவில்லை. வழக்கறிஞர் வில்லியம் ஷே போட்டி லீக் ஒன்றைத் தொடங்கப்போவதாக மிரட்டிய பிறகே பழைய லீக் இறங்கி வந்தது. 1962இல் நியூயார்க்கில் மெட்ஸ் அணி பிறந்தது. டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜயண்ட்ஸின் ஆரஞ்சையும் சேர்த்துத் தன் நிறமாக்கிக்கொண்டது. 1964இல் அதற்குக் கட்டப்பட்ட ஷே ஸ்டேடியம் நின்றது, மோசஸ் காட்டிய அதே ஃப்ளஷிங்கில்.

ஓக்லாண்டின் கதை இன்னும் ஆறாத புண். பிலடெல்ஃபியாவையும் கன்சாஸ் சிட்டியையும் விட்டு 1968இல் அங்கே வந்த ஏ’ஸ் அணி 1972, 1973, 1974, 1989 என நான்கு உலகத் தொடர்களை வென்றது. பின்னாளில் சிறந்த வீரர்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மைதானம் பாழடைந்தது, கூட்டம் குறைந்தது. குறைந்த கூட்டமே ஊர் மாறுவதற்கான நியாயமாகவும் காட்டப்பட்டது. இதற்கு ரசிகர்கள் 2023 ஜூன் 13 அன்று கூட்டத்தாலேயே பதில் சொன்னார்கள். அந்தப் பருவத்தில் 112 ஆட்டங்களில் தோற்ற அணியைப் பார்க்க ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் 27,759 பேர் திரண்டு, அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி முழங்கினார்கள். அதே வாரத்தில் நெவாடா மாநிலம், அணி போகவிருந்த லாஸ் வேகஸில் மைதானம் கட்ட 38 கோடி டாலர்வரை பொதுப்பணம் ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பரில் 30 உரிமையாளர்களும் இடமாற்றத்துக்கு ஒருமனதாக வாக்களித்தார்கள்.

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாண்டில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். லாஸ் வேகஸ் மைதானம் தயாராகும்வரை ஏ’ஸ் அணி சாக்ரமெண்டோவில், கீழ்நிலை லீக்குக்காகக் கட்டப்பட்ட மைதானத்தில் ஆடுகிறது. ஓக்லாண்டில் 2024 முதல் பாலர்ஸ் என்ற சிறிய அணி பயனியர் லீக்கில் ஆடிவருகிறது. அதன் பங்குகளை ரசிகர்களும் வாங்கியிருக்கிறார்கள்.