வெடிச் சத்தம் வேலியாகுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் விவசாயிகளுக்கு இரவுத் தூக்கம் இல்லை. பரண்மேல் ஒருவர், வரப்பில் இருவர் எனக் காவல் இருப்பார்கள். தகரத்தைத் தட்டுவார்கள், டார்ச் அடிப்பார்கள், யானை நெருங்கினால் வெடி போடுவார்கள். தகவல் போனதும் வனத்துறையின் விரட்டும் குழு ஜீப்பில் வந்து, ஹாரன் அடித்து, இன்னும் நாலு வெடி போட்டுக் கூட்டத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிவிடும். மறுநாள் இரவும் இதுவே நடக்கும். அகழி, சூரிய மின்வேலி என்று பல ஏற்பாடுகள் இருந்தாலும், யானையைச் சமாளிக்க அன்றாடம் கைக்கு வருவது பயமுறுத்தல்தான். இது கொடுமை என்போர் உண்டு. இதை விட்டால் வழியில்லை என்போரும் உண்டு. பயம் ஒரு விலங்கையும் அது வாழும் காட்டையும் என்ன செய்கிறது என்பதைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நிறையத் தெரியவந்திருக்கிறது. அதை வைத்து எடைபோட்டால் இந்த முறையின் பலமும் பழுதும் பிடிபடும்.

முதலில் பலம். ஒரு வேட்டை விலங்கு எதையும் கொல்லாமல், தான் அங்கே இருப்பதைக் காட்டிக்கொள்வதாலேயே ஒரு நிலத்தை மாற்றிவிட முடியும். மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில், 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் சிறுத்தையும் காட்டுநாயும் இல்லாமல் போயின. அடர்ந்த மரங்களுக்குள் ஒளிந்து வாழும் புதர்மான்கள் அதன்பிறகு திறந்த வெள்ளச் சமவெளிக்கு இறங்கி மேயத் தொடங்கின. ஆய்வாளர்கள் சிறுத்தையின் குரலையும் வாடையையும் அங்கே பரப்பியபோது அவை மறுபடி மரமறைவைத் தேடின. கனடாவின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய தீவுகளில் பெரிய வேட்டை விலங்குகள் ஒழிக்கப்பட்டதால், ரக்கூன்கள் அச்சமின்றிக் கடலோரத்து உயிர்களைத் தின்று தீர்த்துவந்தன. அங்கே ஒரு மாதம் நாய் குரைப்பை ஒலிபரப்பிப் பார்த்தார்கள். ரக்கூன்கள் இரை தேடும் நேரம் 66 சதவீதம் குறைந்தது. கரையோர நண்டுகளும் மீன்களும் பெருகின.

யானையின் பயத்தையும் நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். விவேக் துப்பிலும் ரிச்சர்ட் காஸும் தென்னிந்தியாவில் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், யானைகள் வயலுக்கு வரும் தடத்தின் குறுக்கே அகச்சிவப்புக் கதிர் ஒன்றைப் பாய்ச்சியிருந்தார்கள். யானை அதைக் கடந்ததும் இருட்டில் ஒலிபெருக்கி உறுமும். புலி உறுமியபோது யானைகள் சத்தம் காட்டாமல் பின்வாங்கின. சிறுத்தை உறுமியபோது பிளிறின, நின்றன, சத்தம் வந்த இடத்தை ஆராய்ந்தன, அதன்பிறகே விலகின. புலி யானைக்கன்றைக் கொல்லக்கூடியது. சிறுத்தையால் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. அந்த வேறுபாட்டை யானை ஒரு உறுமலிலேயே கணக்குப் போட்டுவிடுகிறது.

ஆக, பயமுறுத்துவது வேலை செய்கிறது. உடனே பலன் தருகிறது, செலவு குறைவு, உயிரை எடுப்பதில்லை. ஆண்டு முழுக்கப் பாடுபட்டு வளர்த்த வாழைத் தோட்டத்தை ஒரே இரவில் இழக்கவிருக்கும் ஒருவரிடம், மாற்று வழி எதையும் கொடுக்காமல் வெடியை மட்டும் கீழே போடச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் இந்தப் பலத்தை மிகைப்படுத்தும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995, 1996 ஆண்டுகளில் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டதும், அவற்றுக்கு அஞ்சி எல்க் மான்கள் ஓடைக்கரைகளை விட்டு விலகின, அதனால் மரங்கள் தழைத்தன, ஆறுகளே மாறின என்று ஒரு கதை உலகெங்கும் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு எளிதாக முடிவு கட்டவில்லை. மான்களின் எண்ணிக்கையே குறைந்ததில் ஓநாயோடு கரடிக்கும் மனித வேட்டைக்கும் பங்கிருந்தது. நீர்மட்டம் தாழ்ந்துபோன ஓடைகளில், ஓநாய்கள் திரும்பி இருபது ஆண்டுகள் கடந்தும் வில்லோ மரங்கள் எதிர்பார்த்தபடி எழவில்லை. பயத்தால் ஒரு விலங்கை இடம் மாற்ற முடியும். சிதைந்துபோன நிலத்தைப் பயம் சீராக்கித் தந்துவிடாது. வலசைப் பாதையில் கட்டடம் எழும்பிய பிறகு, அந்த வழியே வரும் யானைக்கு வெடி போட்டுத் தீர்வு தேடும் நமக்கு இந்தப் பாடம் மிகவும் அவசியம்.

பழுதுகளில் முதலாவது, பொய்ப் பயம் நீடிப்பதில்லை. உறுமலுக்குப் பின்னால் புலி வராது, வெடிக்குப் பின்னால் ஒன்றும் நேராது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு யானைக்கு நினைவாற்றல் இருக்கிறது. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்து ஆனைமலைக் காட்டுக்குள் விடப்பட்ட சின்னத்தம்பி என்ற யானை, சில நாட்களிலேயே வெளியேறி உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கும்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தியும் காடு திரும்பவில்லை. பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாமுக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. பழகிப்போன விலங்கிடம் முந்தைய அளவு பயம் செல்லாது. எனவே அளவைக் கூட்டுகிறோம். தகரம் வெடியாகிறது, வெடி தீப்பந்தமாகிறது. இந்தச் சரிவு எங்கே போய் முடியும் என்பதை நாடு பார்த்துவிட்டது. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் பொருளை வீசியதில் தீக்காயம்பட்ட யானை இறந்தது. மேற்கு வங்கத்தில் தீப்பந்தமும் கூர்முனைக் கம்பியும் கொண்டு யானை விரட்டுவதை 2018-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதன்பிறகும் 2024 ஆகஸ்டில் ஜார்கிராமில் எரியும் கம்பி பாய்ந்த பெண் யானை உயிரிழந்தது. உயிரை எடுக்காத முறை என்ற ஒரே நியாயமும் அங்கே அற்றுப்போகிறது.

இரண்டாவது, கொல்லாத பயத்துக்கும் விலை உண்டு. கனடாவில் லியானா ஸனெட்டும் குழுவினரும் பாட்டுக்குருவிகளின் கூடுகளை மின்வேலியும் வலையும் போட்டு, எந்த வேட்டை விலங்கும் தொட முடியாதபடி காத்தார்கள். இனப்பெருக்கப் பருவம் முழுக்கச் சில கூடுகளுக்கு அருகே வேட்டை விலங்குகளின் குரலை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். அந்தத் தாய்க்குருவிகள் குறைவாக முட்டையிட்டன; குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவதும் குறைந்தது. 2011-ல் வெளியான முடிவின்படி, அவை வளர்த்தெடுத்த குஞ்சுகள் 40 சதவீதம் குறைவு. ஒரு குஞ்சையும் எதுவும் கொத்திக்கொண்டு போகவில்லை. பயந்த தாய்களே போதிய இரை கொண்டுவரவில்லை. ஊர் ஊராக விரட்டப்படும் யானைக் கூட்டமும் மேய வேண்டிய நேரத்தை ஓட்டத்தில் இழக்கிறது. யாரும் அந்தக் கணக்கை எழுதி வைப்பதில்லை.

மூன்றாவது பழுதுதான் என் பார்வையில் மிகப் பெரியது: பயமுறுத்துவதற்கு நாம் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதே இல்லை. தென்னாப்பிரிக்காவின் குருகர் பூங்காவில், சிங்கங்கள் நிறைந்த காட்டில், நீர்நிலைகளுக்கு அருகே சிங்க உறுமல், நாய் குரைப்பு, துப்பாக்கிச் சத்தம், மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் குரல் ஆகியவற்றை ஒலிபரப்பினார்கள். 2023-ல் வந்த முடிவு சிந்திக்க வைக்கிறது. சிங்க உறுமலைவிட மனிதப் பேச்சைக் கேட்டபோது விலங்குகள் ஓடும் வாய்ப்பு இரு மடங்கு. நீர்நிலையை விட்டு 40 சதவீதம் விரைவாக அகன்றன. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம், யானை என்று பெரும்பாலான இனங்களுக்கு மனிதக் குரலே பெரிய பயம். மனிதத் தொந்தரவால் பாலூட்டிகள் பகலை விட்டு இரவுக்கு மாறிக்கொண்டிருப்பதை, ஆறு கண்டங்களில் 62 இனங்களைப் பற்றிய 2018-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வும் காட்டியது. பகலில் துரத்தினால் யானை இரவில் வரும். விடியுமுன் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடக்கும் தொழிலாளியை அது இருட்டில் எதிர்கொள்ளும். துரத்தியவர் ஒருவர், சிக்குபவர் வேறொருவர்.

யானையால் மனிதர்களைப் பிரித்தறிய முடியும் என்பதும் இங்கே முக்கியம். கென்யாவின் அம்போசெலியில், தங்களை ஈட்டியால் தாக்கும் வழக்கமுள்ள மாசாய் இனத்து ஆண்களின் குரலுக்கு யானைகள் அதிகம் அஞ்சின. கம்பா இனத்து ஆண்களின் குரலுக்கும், மாசாய்ப் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் அவ்வளவு அஞ்சவில்லை. எல்லா இடத்திலும் எல்லோரும் விரட்டினால் அந்தப் பகுத்தறிவை நாமே அழித்துவிடுகிறோம். எந்த மனிதர் ஆபத்து, எந்த இடம் பாதுகாப்பு என்று தெரியாத யானை, யாரைக் கண்டாலும் பாயத் தயாராக நிற்கும்.

அப்படியானால் பயத்தை அறவே கைவிடுவதா? வேண்டாம், அதை நேர்மையாக்க வேண்டும். கென்யாவில் ஆய்வாளர் லூசி கிங் வயல்களைச் சுற்றி உண்மையான தேன்கூட்டுப் பெட்டிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார். கம்பியை இடித்தால் தேனீ கொட்டும். பயிர் முற்றும் பருவங்களில் நெருங்கிய யானைகளில் 86 சதவீதம் வரை திரும்பிப்போயின. விவசாயிக்குத் தேனும் கிடைத்தது. வறட்சியில் தேனீக்கள் குறைந்தால் வேலியும் பலவீனப்படும் என்பது அதன் குறை. ஆனாலும் அந்த வேலி சொல்லும் செய்தி தெளிவானது: இந்த எல்லைக்குள் வந்தால் வலிக்கும், விலகிப் போனால் ஒன்றுமில்லை. எப்போது எங்கிருந்து வருமென்றே தெரியாத வெடிக்கு அந்தத் தெளிவு கிடையாது.

வால்பாறை இன்னொரு வழியைக் காட்டியது. 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் தேயிலைத் தோட்டமும் ஊரும் யானைத் தடமும் பின்னிக் கிடக்கின்றன. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆனந்தகுமாரும் குழுவினரும் யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியிலும், உள்ளூர்க் கேபிள் டி.வி.யிலும், ஊர் முகப்பில் ஒளிரும் சிவப்பு விளக்கிலும் மக்களுக்குத் தெரியப்படுத்தினார்கள். யானையைப் பயமுறுத்தாமல், மனிதரை எச்சரித்தார்கள். எதிர்பாராத சந்திப்புகள் தவிர்க்கப்பட்டதால் உயிரிழப்புகள் குறைந்தன.

வயல் எல்லையில் நின்று யானையைத் திருப்புவது காவல். காட்டுப் பாதையில் துரத்திப் போவது துன்புறுத்தல். வனத்துறை இந்தக் கோட்டைத் தெளிவாக வகுத்து, விரட்டும் குழுக்களுக்குப் பயிற்சியாகவே கொடுக்க வேண்டும். கூட்டத்துக்குத் திரும்பிப்போக ஒரு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் வெடி போடக் கூடாது. குட்டியோடு நிற்கும் கூட்டத்தைப் பிரிக்கவே கூடாது. வலசைப் பாதைகளில் சத்தமும் வெளிச்சமும் இல்லாத இரவுகளை உறுதிசெய்ய வேண்டும். பயிரிழந்தவருக்கு இழப்பீடு தாமதமின்றிப் போய்ச் சேர வேண்டும். இரவுக் காவலின் பாரத்தை அவர் தனியாகச் சுமக்கும்வரை அவர் கையிலுள்ள வெடி இறங்காது. எங்கே வரக் கூடாது என்று விலங்குக்குச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. எங்கே அஞ்சாமல் வாழலாம் என்று காட்டும் கடமையை நிறைவேற்றிய பிறகுதான் அந்த உரிமை செல்லும்.