நினைவும் அறிவும்: புதுவைக் கணியர் ஒருவர் மீதான தீர்ப்பு

1825ஆம் ஆண்டு சென்னையில் அச்சேறிய 'கால சங்கலிதம்' என்னும் ஆங்கில நூல், தென்னாட்டுக் காலக்கணிப்பு முறைகளை ஆராய்வோர் இன்றும் புறக்கணிக்க இயலாத ஒன்று. அதன் ஆசிரியர் ஜான் வாரன் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலேயப் படையில் அதிகாரியாக இருந்தவர். சென்னை வானாய்வுக் கூடத்தைச் சில ஆண்டுகள் நடத்தியவர். நமது புதுவையில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவரை அவர் நமக்கு அறிமுகம் செய்கிறார். அக்கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்திருந்த வாய்பாடுகளை மட்டும் துணைக்கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. ஏடில்லை, எழுதுகோலில்லை என்பதை நினைவிற் கொண்டே இவ்வெண்களைப் படிக்க வேண்டும்.

வாரன் அவருடைய பெயரைப் பதிவு செய்தார். ஆங்கில எழுத்தில் அது 'சாமி நாடன் சாஷியா' என்று சிதைந்து கிடக்கிறது. சிதைந்த பெயராயினும் பெயர்தான்; அந்த நேர்மைக்காக வாரனைப் பாராட்டுகிறோம். ஆனால் உடன் வரும் தீர்ப்பை நம்மால் கடந்து செல்ல இயலவில்லை. இவருக்கு வானியலின் கோட்பாடு எதுவும் தெரியாது, வலிய நினைவாற்றல் மட்டுமே உண்டு என்பது அதன் சாரம்.

அம்மனிதரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ரிவாயத் வேறு, திராயத் வேறு என்று ஹதீஸ் கலையில் பயின்ற நமக்கு, சுமந்து வருபவரையும் ஆய்ந்து உணர்பவரையும் வேறுபடுத்தத் தெரியும். எனினும் சுமந்தவரை நம் முன்னோர் ஏளனம் செய்யவில்லை. இப்னு மாலிக் அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் யாத்தது மனனத்திற்காகவே. கணியரின் வாய்பாடுகளும் அத்தகையவை. வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. கடபயாதி முறைப்படி எழுத்துகள் எண்களாகி, சொற்களே அட்டவணையாகின்றன. அப்ஜத் எழுத்துகளால் எண்களைக் குறித்த அரபு ஸீஜ் நூல்களை அறிந்தவர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அக்காலத்து ஆங்கில மாலுமியையும் எண்ணிப் பார்ப்போம். 1767 முதல் வெளிவந்த கடற்பஞ்சாங்கத்தைப் புரட்டி அவர் தம் கப்பல் நிற்கும் இடத்தைக் கணித்தார். அதன் சந்திர அட்டவணைகளுக்கு அடிப்படை ஜெர்மானியரான டோபியாஸ் மையரின் கணக்கு. மையரின் கோட்பாட்டை எத்தனை மாலுமிகள் அறிந்திருப்பர்? ஆயினும் ஐரோப்பியர் கோட்பாடு அறியாதவர் என்று எவரும் எழுதவில்லை. அங்கே அறியாமை தனி ஒருவருடையது. இங்கே அது ஓர் இனத்தின் இயல்பாகிவிடுகிறது. நமது மறுப்பு இந்த இடத்தில்தான்.

அதே மையரின் அட்டவணை புதுவையிலும் ஒருமுறை சோதனைக்கு உள்ளாயிற்று. சூரியனை வெள்ளி கடப்பதைக் காண வந்து, 1769 ஜூனில் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல், 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கோடு ஒப்பிட்டார். தமிழ்க் கணக்கு 41 நொடி குறைந்திருந்தது. மையரின் கணக்கு 68 நொடி மிகுந்திருந்தது. இதை மட்டும் எடுத்துக்கொண்டு மேடைகளில் முழங்குவோர் 1825இன் 52 நிமிடத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பாராட்டிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கக் கூடும். 1952இல் அறிஞர் நாய்கெபவர் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் வாரனின் கணியரை மீண்டும் உலகறியச் செய்தார். பாபிலோனியக் களிமண் ஏடுகளின் கணித மரபு 1825 வரை அறுபடாமல் வந்ததற்கு இவர் சான்று என்றார். அரிய ஆய்வு அது. ஆனால் அதில் கணியர் ஒரு தொல்பொருளாகிறார். அவரோடு எவரும் விவாதிப்பதில்லை. அல்-பீரூனியோ, ஏறத்தாழ 1030இல், ராகு கதைக்கு இணங்கிப் போனதற்காகப் பிரம்மகுப்தரைப் பெயர் சொல்லியே கண்டித்தார். அக்கண்டனத்தில், பிரம்மகுப்தர் உண்மை அறிந்தவர் என்ற ஒப்புதல் இருக்கிறது. இத்தகைய கண்டனத்தின் மதிப்பை மேலைப் புகழுரைகள் பலவற்றில் நாம் காணவில்லை.

வெள்ளையரை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் அதுவும் ஒருதலை வழக்கே. பஞ்சாங்கக் கணிதம் பெரும்பாலும் சில குடிகளுக்குள்ளேயே கைமாறியது. ஏனையோர் அதன் முடிவுகளைக் கேட்டு நடக்கலாமே தவிர, சோழிகளின் முன் அமர முடியாது. 1920இல் விண்மீன் ஒளிநிறமாலையை விளக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை அளித்த மேக்நாத் சாஹா, கல்கத்தாவில் மாணவராக இருந்தபோது, சாதியின் பெயரால் ஈடன் இந்து விடுதியின் பொது உணவறையிலிருந்து ஒதுக்கப்பட்டார். நாய்கெபவரின் கட்டுரை வெளிவந்த அதே 1952இல், இந்நாட்டின் பஞ்சாங்கங்களைச் சீர்படுத்த அமைந்த அரசுக் குழுவுக்கு அவரே தலைவரானார். குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. சாஹா அதற்கு ஓராண்டு முன்பே மறைந்திருந்தார்.