ஒயில் ஃபில்டர் கழற்றும் சாவி: உங்கள் வண்டிக்கு எது?

இரத்தினபுரி நகரத்தில் மோட்டார் சைக்கிள் பாகம் விற்கும் கடைக்குப் போய் ஒயில் ஃபில்டர் கழற்றும் சாவி வேண்டும் என்று கேட்டால், நாலைந்து வகையை எடுத்து மேசையில் பரப்பிவிடுவார்கள். கிண்ண வடிவத்தில் ஒன்று, ரப்பர் பட்டி கோத்தது ஒன்று, மூன்று நகம் வைத்தது ஒன்று, சங்கிலி வைத்தது ஒன்று. சிலதை வாங்கியும் சிலதை இரவல் வாங்கியும் எங்கள் தோட்டத்தில் ஓடும் வண்டிகளில் போட்டுப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பல்சர், யமஹா எஃப்இசட் போன்றவற்றில் ஃபில்டர் என்பது ஒரு சின்னக் கடதாசி உருளை. எஞ்சினின் பக்கத்தில் சிறு மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டர், சிடி டோன் வைத்திருப்பவர்களுக்குக் கடதாசி ஃபில்டரே கிடையாது. ஒயிலை வேகமாகச் சுழற்றி அழுக்கைச் சுவரோரம் ஒதுக்கும் ஒரு பாகமும், கீழே கம்பி வலையும்தான் உண்டு. பழைய ஹொண்டா எம்டி 90இல் அந்தச் சுழற்றும் வேலை கிளட்ச்சோடு சேர்ந்தே நடக்கிறது. அதைத் துப்புரவாக்க வலப்பக்க மூடி முழுவதையும் இறக்கி, கேஸ்கட்டும் மாற்ற வேண்டும். அது கராஜ் பாஸின் வேலை, அவரிடமே விடுங்கள்.

கடையில் தொங்கும் சாவிகள் எல்லாம் வெளியே தெரியும் தகர டப்பா ஃபில்டருக்கானவை. அதாவது ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்த ஹொண்டா ஹோர்னட் 250, சிபி-1 போன்ற நாலு சிலிண்டர் வண்டிகள், ரோயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 இப்படிப்பட்டவற்றுக்கு. உங்கள் எஞ்சினில் அந்த டப்பா இல்லையென்றால் காசைப் பையிலேயே வையுங்கள்.

இதையெல்லாம் நாமே ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த வண்டியையே ஓட்டித் தேய்த்தோம். இங்கே மோட்டார் சைக்கிள் என்பது கொழுந்து மூட்டை ஏற்றுவது, மாணிக்கக் குழிக்குப் போவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம்தான். முதலாம், இரண்டாம் கியரிலேயே தோட்டப் பாதையில் ஏறி இறங்கும் எஞ்சினில் ஒயில் சீக்கிரம் கருத்துவிடுகிறது. தார் ரோட்டில் ஓடுபவனுக்குப் புத்தகம் சொல்லும் கிலோமீற்றர் கணக்கு நமக்குப் பொருந்தாது.

மூடிக்குள் இருக்கும் ஃபில்டருக்கு வேண்டியது நல்ல ‘டி’ ஸ்பெனர் ஒன்று. போல்ட் தலை பெரும்பாலும் 8 மி.மீ., சில வண்டிகளில் 10. மலிவு ஸ்பெனர்களில் பலவற்றின் வாய் தளர்வாக இருக்கிறது. போல்ட்டில் போட்டு ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆடினால் வேண்டாம், அது போல்ட்டின் மூலையைத் தின்றுவிடும். ஆறு மூலை உள்ள வாயே நல்லது, பன்னிரண்டு மூலை வாய் சின்னப் போல்ட்டில் வழுக்கும்.

ஸ்பெனரை விட முக்கியமானது மூடியைத் திறப்பதற்கு முன் செய்யும் வேலை. நம் பாதையின் சிவப்புச் சேறு அந்த மூடியைச் சுற்றிக் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். போல்ட் தலைப் பள்ளம், மூடியின் விளிம்பு எல்லாம் துப்புரவாகும்வரை தேயுங்கள். இதைச் செய்யாமல் திறந்தால், ஃபில்டர் தடுக்க வேண்டிய மணலை நாமே எஞ்சினுக்குள் தள்ளுகிறோம்.

திறந்ததும் எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனியுங்கள், முடிந்தால் ஃபோனில் படம் எடுங்கள். ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஹா போன்ற வண்டிகளில் ஃபில்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம், ஒரு ஸ்பிரிங் இருக்கும். ஃபில்டரின் வெளிமுகத்தில் ‘அவுட் சைட்’ என்று ஆங்கிலத்தில் பதித்திருக்கும். அந்த எழுத்து உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் மூடி ஒழுங்காகவே மூடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் போக வேண்டிய ஒயில் போகாமல் எஞ்சினே நாசமாகிவிடும். எழுத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், எஞ்சின் திருத்தும் செலவு பல மாதச் சம்பளத்தைத் தின்னும்.

மூடியின் ஓ-ரிங்கைப் பழையதையே போடும் வழக்கம் இங்கே அதிகம். சூட்டில் தட்டையாகிப்போன ரப்பர் ஒயிலைப் பிடித்து வைக்காது. ஃபில்டர் வாங்கும்போதே ஓ-ரிங்கும் கேட்டு வாங்குங்கள். போல்ட்களை முதலில் கைவிரலால் சுற்றிவிட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த அளவு போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீற்றர் போதும், அதாவது டி ஸ்பெனரின் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு. அலுமினியத்தில் புரி போய்விட்டால் பிறகு ஹெலிகொயில் என்ற கம்பிச் சுருள் புரி போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

இனி டப்பா ஃபில்டர். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒயிலை வடித்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும். மிதமான சூட்டில் ரப்பர் விட்டுக்கொடுக்கும். பல வண்டிகளில் டப்பா எஞ்சினின் முன்பக்கம் சைலன்சர் குழாய்களை ஒட்டியே இருக்கிறது, அதனால் குழாய் ஆறும்வரை பொறுத்திருங்கள்.

நான் போட்டுப் பார்த்ததில் முதல் இடம் கிண்ணச் சாவிக்கே. ஃபில்டரின் நுனியில் உள்ள பட்டைகளில் பொருந்தி, ரட்செட்டோடு திரும்பும். இடுக்கான இடத்திலும் நேராகப் போகும். பல ஹொண்டா, கவாசாகி ஃபில்டர்களுக்கு 65 மி.மீ., 14 பட்டை அளவு பொருந்துகிறது. ஆனால் 64 மி.மீ. கிண்ணமும் பார்வைக்கு அதேதான். பழைய ஃபில்டரையோ புதியதையோ கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். தகட்டில் அடித்த மலிவுக் கிண்ணம் பலம் கொடுத்தால் விரிகிறது, வார்ப்பு அலுமினியம் அசையவில்லை. ஒரு குறை உண்டு: நம் மழையில் ஃபில்டர் நுனி துருப்பிடித்துப் பட்டை மழுங்கியிருந்தால் எந்தக் கிண்ணமும் வழுக்கும்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது பட்டிச் சாவி. டப்பாவை மண்ணெண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்து, எஞ்சினை ஒட்டிய அடிப்பகுதியில் பட்டியைச் சுற்ற வேண்டும். தகரம் அங்கேதான் உறுதி. நடுவில் சுற்றினால் டப்பா நசுங்கும். பட்டிக்கும் டப்பாவுக்கும் இடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்தால் பிடி இன்னும் இறுகும். கொஞ்சம் இலகுவாக இருக்கும் ஃபில்டர் அந்த டியூப்பைச் சுற்றிப் பிடித்தாலே வெறுங்கையில் கழன்றுவிடும்.

மூன்று நகச் சாவி எந்த அளவுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிறார்கள். காருக்கு அது சரி. மோட்டார் சைக்கிளில் டப்பாவைச் சுற்றி நகம் விரிய இடமே இல்லை, குழாயிலும் எஞ்சின் சிறகிலும் இடிக்கிறது. சங்கிலிச் சாவியும் அப்படியே. இரண்டும் வேண்டாம்.

ஸ்குரூ டிரைவரை டப்பாவில் குத்தித் திருப்பும் வித்தையைப் பல கராஜ்களில் பார்த்திருப்பீர்கள். தகரம் மெலிது, துணி கிழிவதுபோல் கிழிந்து, அடித்தட்டு மட்டும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு உளிதான். வேறு வழியே இல்லாமல் குத்தினாலும் வெளி நுனிப் பக்கமாகக் குத்துங்கள், அடிப்பக்கம் எஞ்சினின் புரிக் குழாய் இருக்கிறது. கே அண்ட் என் நிறுவனத்தின் டப்பா ஃபில்டர்களின் நுனியில் 17 மி.மீ. நட்டு வைத்தே வருகிறது. விலை கூடுதலானாலும், சாவியே வாங்க வேண்டியதில்லை என்பதால் கணக்குச் சரியாகிவிடும்.

ஃபில்டர் கழன்றதும் எஞ்சின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருந்தால் அதை எடுத்த பிறகுதான் புதியது. இரண்டு வளையம் சேர்ந்தால் ஓடும்போது ஒயில் முழுவதும் பீய்ச்சியடித்துப் பின் டயரில்தான் விழும். புதிய வளையத்தில் நல்ல ஒயில் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். “கழட்டத்தான் சாவி தம்பி, இறுக்க கைதான்” என்று எங்கள் பக்கத்து பாஸ் சொல்வார். அடுத்த முறை கழற்ற முடியாமல் தவிப்பதெல்லாம் இந்த முறை சாவி போட்டு இறுக்குவதால்தான்.

2017 மே மாத வெள்ளத்தில் களு கங்கை ஏறி நகரத்தில் எத்தனையோ வண்டிகள் முங்கின. முங்கிய வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஒயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், ஒயிலோடு ஃபில்டரையும் மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, இரண்டையும் மறுபடி மாற்றுங்கள். நீர் குடித்து ஊறிய கடதாசி வடிகட்டாது.

ஆக, மூடி ஃபில்டர் வண்டிக்கு நல்ல 8 மி.மீ. டி ஸ்பெனரும் ஓ-ரிங்கும். டப்பா ஃபில்டர் வண்டிக்கு அளவு பார்த்து வாங்கிய வார்ப்புக் கிண்ணமும், துணைக்கு ஒரு பட்டிச் சாவியும். வேறெதுவும் வாங்க வேண்டாம். வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். லயத்துக் கான் கீழே ஓடைக்குத்தான் போகிறது, அந்த ஓடைத் தண்ணீரில்தான் நம் ஆட்கள் குளிக்கிறார்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடித்து, ஒயிலையும் சேர்த்து ஒரு கேனில் அடைத்து, பழைய ஒயில் வாங்கிக்கொள்ளும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.